சுவரில் யார் பக்கத்தில் யார்

சிவகங்கை, காரைக்குடிப் பக்கத்துப் பழைய வீடுகளில் இன்னமும் பார்க்கலாம். பட்டாசாலை எனும் கூடத்தின் சுவரில், நிலைக்கு மேலே, ஒரு பெரிய கண்ணாடிச் சட்டம். உள்ளே கறுப்பு அட்டை. அட்டை மேல் பத்துப் பதினைந்து படங்கள். நடுவில் தாத்தாவும் அப்பத்தாவும் நாற்காலியில் விறைப்பாக உட்கார்ந்திருக்கும் ஸ்டுடியோப் படம். சுற்றிலும் பாஸ்போர்ட் சைஸில் சித்தப்பாக்கள், பட்டமளிப்பு அங்கியில் ஒருவர், பர்மாவிலோ மலாயாவிலோ எடுத்து அனுப்பிய அஞ்சலட்டை அளவுப் படம் ஒன்று, குப்புறப் படுத்துத் தலையைத் தூக்கிப் பார்க்கும் குழந்தை. அதற்குப் பின்னால் பிறந்தவர்களின் படங்கள் சட்டத்துக்கும் கண்ணாடிக்கும் இடையே ஓரமாகச் செருகியிருக்கும். சட்டத்தின் மேல்பகுதி சுவரைவிட்டு முன்னால் சாய்ந்திருக்கும். கீழே நின்று அண்ணாந்து பார்க்கிறவருக்கு முகம் தெரியவும், கண்ணாடியில் வாசல் வெளிச்சம் அடிக்காமல் இருக்கவும் அந்தச் சாய்வு. அதன் பின்னால் சிட்டுக்குருவிகள் கூடு கட்டியிருந்த காலம் ஒன்று உண்டு.

சுவருக்கான போட்டோ கொலாஜ் ஏதோ புதிதாக வந்த அலங்காரம் என்று பலரும் நினைக்கிறார்கள். நம் வீடுகளில் அது தலைமுறைகளாக இருக்கிறது. அந்தப் படங்களை ஒட்டியவர் வீட்டின் மூத்த பையனாக இருக்கலாம், படத்துக்குக் கண்ணாடி போடும் கடைக்காரராக இருக்கலாம். யாராக இருந்தாலும் அவர் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லியிருக்கிறார்: யாரை எவ்வளவு பெரிதாக வைப்பது, யாரை யார் பக்கத்தில் வைப்பது. கொலாஜின் உயிர் இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது என்பது என் நம்பிக்கை. சட்டத்தின் நிறம், தாளின் பளபளப்பு, ஆணியின் தடிமன் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

கடைகளில் கிடைக்கும் ஆயத்தக் கொலாஜ் சட்டங்கள் மேல் எனக்கு இருக்கும் வருத்தமும் இதனால்தான். அட்டையில் துளைகளை முன்பே வெட்டியிருப்பார்கள். நடுவில் இதய வடிவில் ஒன்று, சுற்றிலும் சதுரமாகச் சில. படத்தைத் துளைக்கு ஏற்ப வெட்ட வேண்டியதுதான். பெரிய துளையில் எது கச்சிதமாக உட்காருகிறதோ அது வீட்டின் முக்கியமான படமாகிவிடுகிறது. ஆச்சியின் ஒரே படம் நெட்டுவாக்கில் இருந்தால் அது மூலைக்குப் போகும், அல்லது காது வரை வெட்டுப்படும். மரம் போன்ற ஸ்டிக்கரைச் சுவரில் ஒட்டிக் கிளைக்கு ஒரு படம் தொங்கவிடுவதும் இப்படித்தான். எல்லா முகமும் ஒரே அளவு, எல்லாமே சிரிப்பு. சுவரைக் கடந்து போகிறவர் கண் எங்கேயும் நிற்காது.

தெருமுனை ஃபிளெக்ஸ் பேனரை வடிவமைப்பவர்கள் இதில் மிகத் தெளிவானவர்கள். தலைவர் எவ்வளவு உயரம், மாவட்டப் பொறுப்பாளர் எவ்வளவு, கீழே அஞ்சல்தலை அளவில் வரிசையாக வரும் முகங்கள் யார் யார் என்று அவர்களுக்குத் தெரியும். பார்க்கிறவர் ஒரு நொடியில் அந்த ஊரின் அதிகார வரிசையைப் படித்துவிடலாம். பூப்புனித நீராட்டு விழா பேனரில் தாய்மாமன் படம் சின்னதாகிவிட்டது என்று மனத்தாங்கல் வருவதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அந்த மனத்தாங்கலில் நியாயம் உண்டு. படத்தின் அளவு ஒன்றைச் சொல்லத்தான் செய்கிறது. வீட்டுச் சுவரில் அதை அன்பின் வரிசைப்படி சொல்லும் உரிமை நமக்கு இருக்கிறது.

என் அத்தை மதுரையில் மகன் கட்டிய புது வீட்டுக்குக் குடிவந்தபோது ஹாலின் நீளச் சுவர் வெறுமையாக இருந்தது. மகன் கடற்கரை ஓவியம் ஒன்றை வாங்கி மாட்டலாம் என்றான். அத்தை என்னை அழைத்தார். "தாயி, இந்த வீட்டுல நம்ம ஆளுக யாருமே இல்ல. சுவத்தப் பாத்தா அடுத்தவுக வீட்டுல உக்காந்திருக்க மாதிரி இருக்கு" என்றார். உறவுகளுக்கும் நண்பர்களுக்கும் இப்படிச் சில சுவர்கள் செய்து கொடுத்திருக்கிறேன். அத்தையின் சுவரில் கற்றது அதிகம் என்பதால் அதை வைத்தே சொல்கிறேன்.

படங்கள் தகரப் பெட்டியிலிருந்து வந்தன, சாமி அலமாரியின் அடித்தட்டிலிருந்து வந்தன, வீட்டுப் பத்திரம் வைத்திருக்கும் ரெக்ஸின் பையிலிருந்து வந்தன. பிளாஸ்டிக் தாளைத் தூக்கி, ஒட்டும் அட்டைமேல் படத்தை வைத்து மூடும் ஆல்பங்கள் 1980, 90களில் பல வீடுகளில் இருந்தன. படங்களுக்கு ஆகாதவை அவை. அட்டையில் இருக்கும் பசை வருடம் ஆக ஆக இறுகிப் படத்தைக் கவ்விக்கொள்கிறது. இழுத்தால் கிழியும். பல் இடுக்கைச் சுத்தம் செய்யும் மெல்லிய நூலைப் படத்துக்கும் அட்டைக்கும் நடுவே விட்டு, அறுப்பது போல முன்னும் பின்னும் மெதுவாக நகர்த்தினால் பெரும்பாலும் முழுசாக வந்துவிடும். பிடிவாதமாக இருந்தால் விட்டுவிடுங்கள். ஆல்பத்தில் இருக்கும்போதே ஸ்கேன் செய்துகொள்ளலாம். கண்ணாடியோடு ஒட்டிப்போன பழைய படத்தையும் பிரிக்காமல் அப்படியே ஸ்கேன் செய்யுங்கள். படத்தின் மேற்பரப்பு ஜெலட்டின். ஈரப்பதத்தில் இளகிக் கண்ணாடியோடு சேர்ந்துகொள்ளும். பிய்த்தால் முகம் கண்ணாடியோடு போய்விடும்.

மூலப்படம் எதையும் நான் சுவரில் மாட்டுவதில்லை, மாட்டவும் விடுவதில்லை. சுவருக்குப் பிரதி போதும். வெயிலும் ஓதமும் பூச்சியும் பிரதியைத் தின்றால் இன்னொன்று அச்சிடலாம். பழைய குடும்பச் சட்டங்களில் மைதா பசை தடவி ஒட்டியிருப்பார்கள். அந்தப் பசைக்கும் ஜெலட்டினுக்கும் ஆசைப்பட்டுத்தான் பூச்சி வருகிறது. செலோடேப் ஒட்டிய இடம் பழுப்பேறி, அந்தக் கறை படத்துக்குள் இறங்கும். மூலப்படங்களை இனிமேல் எதைக்கொண்டும் ஒட்டாமல், ஒவ்வொன்றையும் தனித்தனிக் காகித உறையில் போட்டு, ஓதம் இல்லாத அலமாரியில் வைத்துவிடுங்கள். வைக்கும் முன் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். ஸ்டுடியோவின் ரப்பர் முத்திரை, ஊர்ப்பெயர், சில இலக்கங்களே உள்ள பழைய தொலைபேசி எண், யாரோ எழுதிய தேதி இருக்கலாம். அதையும் ஸ்கேன் செய்ய வேண்டும். பெயர் இல்லாவிட்டால், தெரிந்தவர் இருக்கும்போதே கேட்டு, மென்மையான பென்சிலால் ஓரத்தில் எழுதுங்கள். பால்பாயின்ட் பேனா முன்பக்கம் வரை தடம் பதிக்கும்.

அத்தை பெட்டியில் ஒன்று கண்ணில் பட்டது. 1960களின் கறுப்பு வெள்ளைப் படங்கள் நேற்று எடுத்தவை போல இருந்தன. அவற்றுக்குப் பின் வந்த வண்ணப் படங்கள்தான் செக்கச் செவேலென்று மாறியிருந்தன. கறுப்பு வெள்ளைப் படத்தில் உருவம் வெள்ளித் துகளால் ஆனது. நன்றாகக் கழுவி உலர்த்தியிருந்தால் நூறாண்டு நிற்கும். உதகமண்டலத்தில் இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் ஆலை 1967-ல் உற்பத்தியைத் தொடங்கியபின் 'இந்து' (Indu) என்ற வணிகப் பெயரில் கறுப்பு வெள்ளைப் பிலிமும் தாளும் அங்கிருந்து நாடெங்கும் போயின. உங்கள் வீட்டுப் படத்தில் ஒன்றிரண்டு நீலகிரியில் செய்த தாளில் இருக்கக்கூடும். வண்ணப் படத்தில் உருவம் சாயத்தால் ஆனது. அந்தக் காலத்துத் தாள்கள் பலவற்றில் நீலப்பச்சைச் சாயம் இருட்டில் வைத்திருந்தாலும் அழிந்துபோகும். மிச்சம் நிற்பது சிவப்பு. அதனால் பெற்றோரின் கல்யாணப் படத்தை முதலில் ஸ்கேன் செய்யுங்கள். தாத்தா படம் காத்திருக்கும்.

ஸ்கேன் 600 டிபிஐ-யில், அதாவது அங்குலத்துக்கு 600 புள்ளியில், செய்தால் போதும். காகிதப் படத்தில் அதற்குமேல் எடுப்பதற்குப் பெரும்பாலும் விவரம் இருப்பதில்லை. மூன்றரைக்கு ஐந்து அங்குலப் படம் 600-ல் 2100-க்கு 3000 புள்ளிகளாகும். கையில் பிடித்துப் பார்க்கும் படத்துக்கு அங்குலத்துக்கு 300 புள்ளி வேண்டும். ஐந்தடி தள்ளி நின்று பார்க்கும் சுவருக்கு 150 போதும். அப்படியானால் உள்ளங்கை அளவு படம் பதினாலுக்கு இருபது அங்குலம் வரை தைரியமாக வளரும். வீட்டில் ஸ்கேனர் இல்லையென்றால் கூகுளின் போட்டோஸ்கேன் செயலி நான்கைந்து கோணத்தில் எடுத்துப் பளபளப்பை நீக்கித் தருகிறது. சின்ன அளவுகளுக்கு அது உதவும். வெளியூர் உறவினர்களிடம் படம் கேட்கும்போது ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்லுங்கள்: வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்ப வேண்டாம், டாக்குமென்ட்டாக அனுப்புங்கள். போட்டோவாக வந்தால் செயலி அதைச் சுருக்கிவிடும். திரையில் தெரியாது, சுவரில் தெரியும்.

முகங்களைத் திருத்துவது பற்றி எனக்கு உறுதியான கருத்து உண்டு. அந்தக் காலத்து ஸ்டுடியோக்காரர்கள் நெகட்டிவ் மேல் கூர்மையான பென்சிலால் தொட்டுத் தொட்டு அம்மைத் தழும்பை மறைத்தார்கள், நிறத்தைக் கூட்டினார்கள். அவ்வளவு செய்தும் அந்த மனிதர் அதில் இருந்தார். இப்போது பழைய படத்தைச் செயற்கை நுண்ணறிவுச் செயலியில் கொடுத்தால், மங்கலாக இருக்கும் இடத்தில் அது ஒரு கண்ணையும் மூக்கையும் தானே கற்பனை செய்து வைக்கிறது. தெளிவாக இருக்கும், அழகாகவும் இருக்கும். அது அப்பத்தா இல்லை. இந்தியாவில் பெரியம்மை ஒழிந்தது 1975-ல். அதற்கு முன் பிறந்த எத்தனையோ முகங்களில் அந்தத் தழும்பு ஒரு வரலாறு. கீறல், பூஞ்சைப் புள்ளி, மடிப்புக் கோடு ஆகியவற்றை நீக்குங்கள். சிவந்துபோன நிறத்தைப் பாதிவரை மீட்டெடுங்கள். முகத்தின் மேல் கைவைக்க வேண்டாம். தூரிகையால் சாயம் தீட்டிய பழைய கறுப்பு வெள்ளைப் படம் கிடைத்தால் அதன் நிறத்தையும் அப்படியே விடுங்கள். அந்த ரோஜா நிற உதடும் பச்சைச் சேலையும் ஒருவரின் கைவேலை. இப்படிப்பட்ட தமிழ் ஸ்டுடியோப் படங்களைத் தேடிச் சேர்த்து எண்மமாக்கும் வேலையைப் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு செய்திருக்கிறது. நம் பெட்டியில் கிடப்பவை ஆய்வாளர்கள் தேடி வரும் பொருள்கள் என்று சொன்னபோது அத்தை நம்பவில்லை.

எந்தப் படம், எது வேண்டாம் என்பதுதான் நாள் பிடிக்கும் வேலை. கேமராவைப் பார்த்து வரிசையில் நிற்கும் படங்கள் எல்லா வீட்டிலும் நிறைய. சுவருக்கு ஒன்றோ இரண்டோ போதும். நான் தேடுவது, கை ஏதாவது செய்துகொண்டிருக்கும் படத்தை. மாவாட்டும் கை, குழந்தையின் தலையைத் துவட்டும் கை, சீட்டுக்கட்டைப் பிடித்திருக்கும் கை. அடுத்து, பின்னணியில் ஊர் தெரியும் படம். ஆள் யாரும் இல்லாத படமும் ஒன்றிரண்டு கட்டாயம் வேண்டும்: கிணற்றடி, திண்ணை, விற்றுவிட்ட வீட்டின் வாசல். முகத்துக்கு அடுத்து முகம், அதற்கடுத்தும் முகம் என்று வைத்தால் கண் அலுத்துவிடும். நடுவே ஒரு கிணறு வந்தால் அடுத்த முகம் புதிதாகத் தெரியும்.

அத்தையின் மகனுக்குத் தன் கல்யாணப் படம் நடுவில் பெரிதாக வர வேண்டும் என்று ஆசை. அதில் தப்பில்லை. ஆனால் பெட்டியில் ஒரு களத்துமேட்டுப் படம் இருந்தது. மலாயாவிலிருந்து விடுமுறைக்கு வந்த உறவினர் ஒருவர் தன் சொந்தக் கேமராவில் எடுத்தது. நெல் தூற்றிக்கொண்டிருக்கிறார்கள். யாரும் கேமராவைக் கவனிக்கவில்லை. தூசி வெயிலில் தெரிகிறது. அப்பத்தா முறத்தைத் தூக்கியிருக்கிறார், கொஞ்சம் மங்கல். ஓரத்தில் அரைக்கால் சட்டையோடு நிற்கும் பையன் என் அப்பா. அதைத்தான் பதினாலுக்கு இருபது அங்குலத்தில் முதன்மைப் படமாக வைத்தேன். இப்படிப்பட்ட படம் தூரத்தில் நிற்பவரைக் கிட்டே இழுக்கும். கிட்டே வந்தபின் மற்ற படங்கள் பேச ஆரம்பிக்கும். எல்லாவற்றையும் பெரிதாக்கினால் எதுவும் இழுக்காது. முதன்மைப் படம் ஒன்று, அதில் பாதி அளவில் இரண்டு மூன்று, மற்றவை சிறியவை. ஒன்பதிலிருந்து பதினோரு படங்களுக்குமேல் ஒரு சுவருக்கு வேண்டாம் என்பது என் கணக்கு.

சில பேருக்குத் தனிப் படமே இருக்காது. போட்டோ எடுத்தால் ஆயுசு குறையும் என்று ஒதுங்கிப்போனவர்கள் இருந்தார்கள். கூப்பிட யாரும் இல்லாததால் எடுக்கப்படாதவர்கள் அதைவிட அதிகம். 1993-ல் வாக்காளர் புகைப்பட அடையாள அட்டை வந்தபோதுதான் எத்தனையோ கிராமத்துப் பெண்கள் முதன்முதலாகக் கேமரா முன் தனியாக உட்கார்ந்திருப்பார்கள். அத்தையின் சின்னம்மா ஒருவர், பிள்ளை இல்லாதவர், ஒரு கல்யாணக் குழுப்படத்தின் கடைசி வரிசையில் மட்டும் இருக்கிறார். முகம் எட்டு மில்லிமீட்டர் அகலம். முன்பு சொன்ன ஸ்கேன் கணக்கைப் போட்டால் சுவருக்கு ஒண்ணேகால் அங்குலம்தான் வரும். அதை இழுத்துப் பெரிதாக்கினால் சாம்பல் புள்ளிகளாகச் சிதறும். ஒண்ணேகால் அங்குலமாகவே அச்சிட்டு, எட்டுக்குப் பத்து அங்குலச் சட்டத்தில், சுற்றிலும் அகலமான வெள்ளை மவுண்ட், அதாவது நடுவில் படத்துக்குத் துளை வெட்டிய அட்டை, வைத்தேன். அந்தச் சுவரில் எல்லோரும் நெருங்கி வந்து குனிந்து பார்க்கும் படம் அதுதான். சின்னப் படத்துக்கு மதிப்புக் கூட்ட, அதைச் சுற்றி இடம் விட்டால் போதும்.

படமே இல்லாதவர்களுக்குக் கையெழுத்து இருக்கிறது. பிள்ளையார் சுழி போட்ட பால் கணக்கு நோட்டின் ஒரு பக்கம், இன்லேண்டு கடிதத்தின் மடிப்பு, மஞ்சள் தடவிய கல்யாணப் பத்திரிகையின் மூலை. இவற்றையும் ஸ்கேன் செய்து படம் போலவே சட்டமிடலாம். போரில் வீட்டையும் ஆல்பத்தையும் விட்டு ஓடிவந்த ஈழத்துக் குடும்பங்களுக்கு இது இன்னும் கனமான விஷயம். 1995-ல் யாழ்ப்பாணத்தைவிட்டு இடம்பெயர்ந்தவர்கள் பலர் கையில் எடுக்க முடிந்ததை மட்டும் எடுத்துக்கொண்டு வந்தார்கள். வெளிநாட்டில் இருந்த அண்ணனுக்கோ அக்காவுக்கோ கடிதத்தோடு முன்பே அனுப்பியிருந்த படங்கள்தான் பல குடும்பங்களுக்கு மிச்சம். டொரன்டோவில் இருக்கும் தோழி ஒருத்தி தன் சுவரை அப்படி மூன்று நாடுகளிலிருந்து சேர்த்தாள். தந்தையின் படம் கிடைக்கவில்லை. அவர் கையெழுத்துப் போட்ட பள்ளித் தேர்ச்சி அறிக்கையைச் சட்டமிட்டு வைத்திருக்கிறாள்.

அத்தையிடமிருந்து வந்த பெரிய தடை நான் எதிர்பார்த்ததுதான். "செத்தவுகளையும் இருக்கவுகளையும் ஒண்ணா மாட்டக் கூடாது தாயி. அது ஆகாது." நம் வீடுகளில் இது சின்ன விஷயமில்லை. இறந்தவர் படத்துக்கு மாலை, சந்தனப் பொட்டு, சின்னச் சிவப்பு விளக்கு. எந்தச் சுவர், எந்தத் திசை என்று எல்லாவற்றுக்கும் முறை உண்டு. இளையவர்கள் இதை மூடநம்பிக்கை என்று தள்ளிவிட்டுத் தங்கள் இஷ்டப்படி மாட்டுவதை நான் பார்த்திருக்கிறேன். அந்தச் சுவரைப் பெரியவர்கள் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. அவர்கள் பார்க்காத சுவரால் யாருக்கு என்ன பயன்?

மாமாவின் மாலை போட்ட படம் அலுவலக அடையாள அட்டைப் படத்தைப் பெரிதாக்கியது. காலர் வைத்த சட்டை, நேர்ப் பார்வை, பின்னால் நீலம். பெட்டியில் இன்னொரு மாமா இருந்தார். இருபது வயது இருக்கும், லுங்கியை மடித்துக் கட்டி, கமலைக் கிணற்று மேட்டில் கூட்டாளி ஒருவர் தோளில் கைபோட்டு வாய்விட்டுச் சிரிக்கிறார். அத்தை அதை வாங்கிக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தார். "அத்தே, இதை வைக்கலாமா?" என்றேன்.

"அங்க இருக்கது கும்புடுற படம். இது அவுக."

அதுவே எங்கள் இருவருக்கும் விதியாகிவிட்டது. மாலை போட்ட படம் அதன் இடத்தில் அப்படியே இருக்கும், விளக்கோடு. கொலாஜில் வருகிறவர்கள் எல்லோரும் ஏதாவது செய்துகொண்டோ சிரித்துக்கொண்டோ இருக்கும் படங்களில் வருவார்கள். பொட்டு வைப்பதில்லை, மாலை போடுவதில்லை. அந்தச் சுவரில் இருப்பவர்கள் எல்லோரும் அந்த நொடியில் உயிரோடு இருப்பவர்கள். இப்படிப் பிரித்துச் சொன்னபின், நான் கேட்ட வேறு வீடுகளிலும் பெரியவர்கள் சம்மதித்திருக்கிறார்கள்.

அந்தக் கிணற்று மேட்டுப் படத்துக்குப் பக்கத்தில் எது என்று அத்தையே முடிவு செய்தார். அவருடைய சடங்குப் படம். சடை தைத்து, தாழம்பூ வைத்து, ஆளுயரக் கண்ணாடிக்கு முன்னால் நிறுத்தி எடுப்பார்களே, அது. பெண் நம்மைப் பார்க்கிறாள், கண்ணாடி சடையைக் காட்டுகிறது. ஒரே பிரேமில் முன்னும் பின்னும். இரண்டு படங்களும் எடுக்கப்பட்டபோது அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்ததே இல்லை. இப்போது இரண்டு அங்குல இடைவெளியில் இருக்கிறார்கள். பிரித்து மாட்டியிருந்தால் ஒன்று சிரிக்கும் பையன், மற்றது வெட்கப்படும் சிறுமி, அவ்வளவுதான். பக்கத்தில் வைத்ததும் அவள் கண்ணாடிக்கு அப்பால் அவனைப் பார்ப்பது போலிருக்கிறது.

ஓவியர் விவான் சுந்தரம் 2001-ஐ ஒட்டி இதையே ஆழமாகச் செய்தார். அவருடைய தாத்தா உம்ராவ் சிங் ஷெர்-கில் வாழ்நாள் முழுக்கக் குடும்பத்தைப் படமெடுத்தவர். மகள் அம்ரிதா ஷெர்-கில் 1941-ல் 28 வயதில் இறந்துபோன ஓவியர். அந்தப் பழைய படங்களைக் கணினியில் இணைத்து, வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு ஊரில் இருந்தவர்களை ஒரே அறைக்குள் கொண்டுவந்தார் சுந்தரம். நாம் படங்களை வெட்டி இணைக்க வேண்டியதில்லை. அருகில் வைத்தாலே அந்த வேலையில் பாதி நடந்துவிடுகிறது.

அருகில் வைக்கும்போது பார்வை எந்தப் பக்கம் போகிறது என்று கவனியுங்கள். வலப்பக்கம் பார்க்கிறவரை இடது ஓரத்தில் வைத்தால் அவர் பார்வை நம்மைச் சுவரின் நடுவுக்கு அழைத்துப்போகும். வலது ஓரத்தில் வைத்தால் கதவைப் பார்த்துக்கொண்டிருப்பார். அதற்காகப் படத்தைக் கணினியில் இடம் வலம் புரட்டிவிடாதீர்கள். முந்தானை வலது தோளுக்குப் போகும், சட்டைப் பொத்தான் மாறும், கடைப்பலகை எழுத்து இடவலம் மாறிவிடும், எல்லாவற்றையும்விட முகமே வேறு ஆளாகத் தோன்றும். அடுத்தடுத்த படங்களில் தலைகள் ஏறக்குறைய ஒரே அளவில் இருந்தால் அவர்கள் ஒரே இடத்தில் இருப்பது போலத் தெரியும். கறுப்பு வெள்ளை, பழுப்பு, சிவந்த வண்ணம், கைபேசிப் படம் எல்லாம் கலந்து வருவது தவிர்க்க முடியாதது. எல்லாவற்றையும் கறுப்பு வெள்ளையாக மாற்றிவிடலாம் என்பார்கள். எனக்கு அதில் விருப்பமில்லை. அத்தையின் அரக்குப் பட்டுக்கு அரக்கு வேண்டும். எல்லாப் படத்துக்கும் ஒரே இளம் வெண்ணிற மவுண்ட், ஒரே மாதிரியான மெல்லிய தேக்கு நிறச் சட்டம் என்று வைத்தால் நிறங்கள் சண்டை போடுவதில்லை. மவுண்ட் படத்தைக் கண்ணாடியிலிருந்து தள்ளியும் வைக்கிறது. அமிலம் இல்லாத அட்டையாகக் கேட்டு வாங்குங்கள்.

நீளமான நடைபாதைச் சுவருக்கு இந்தக் கொத்து அமைப்பு பொருந்தாது. நடந்துகொண்டே பார்க்கிறவருக்கு வரிசைதான் சரி. 1858-ல் சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரரான லின்னேயஸ் டிரைப், தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடித்தளத்தில் ஓடும் கல்வெட்டை முழுக்கப் பதிவு செய்ய விரும்பினார். ஒரு படத்தில் அடங்காது. நகர்ந்து நகர்ந்து எடுத்த 21 படங்களை ஒன்றோடொன்று ஒட்டி, சுமார் 19 அடி நீளத்துக்கு ஒரே பட்டையாக ஆக்கினார். ஒரே உயரம், ஒரே தூரம் என்று எடுத்தால்தான் கல்வெட்டு வரிகள் ஒரு படத்திலிருந்து அடுத்ததற்குத் தடங்கலின்றிப் போகும். நடைபாதைக்கும் அதேதான் வேண்டும். எல்லாச் சட்டங்களின் நடுக்கோடும் ஒரே உயரத்தில் இருக்கட்டும். அளவுகள் மாறலாம்.

சுவரில் ஆணி இறங்கும் முன் ஒரு நாள் தரையில் செலவழியுங்கள். ஒவ்வொரு சட்டத்தின் அளவுக்கும் செய்தித்தாளை வெட்டி, அதில் படத்தின் பெயரை எழுதி, தரையில் பரப்பி நாற்காலி மேல் ஏறிப் பாருங்கள். பிடித்த அமைப்பு வந்ததும் அதே தாள்களை மாஸ்க்கிங் டேப்பால் சுவரில் ஒட்டி, இரண்டு மூன்று நாள் அப்படியே விடுங்கள். வீட்டில் எல்லோரும் போகும்போதும் வரும்போதும் ஏதாவது சொல்வார்கள். அதில்தான் உண்மையான யோசனைகள் வரும். "எங்க அம்மாவ ஏன் சுவிட்ச் போர்டுக்குப் பக்கத்துல வச்ச?" என்று அத்தை கேட்டது அப்படித்தான்.

அருங்காட்சியகங்களில் படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து சுமார் 145 செ.மீ. உயரத்தில் வருமாறு மாட்டுவது வழக்கம். அது நின்று பார்ப்பவர்களுக்கு. அத்தை நாற்காலியில் உட்கார்ந்துதான் பார்க்கப்போகிறார் என்பதால் கொத்தின் நடுவை நாலே கால் அடிக்கு இறக்கினேன். சட்டங்களுக்கு இடையில் எல்லா இடத்திலும் இரண்டு அங்குலம். வெளி ஓரம் ஒழுங்கில்லாமல் ஏறி இறங்கலாம். இடைவெளி மாறினால்தான் குப்பையாகத் தெரியும். கொத்தனார் வைத்திருக்கும் ரசமட்டம் ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டு ஒவ்வொரு சட்டத்தையும் பாருங்கள். சிமென்ட் சுவரில் துளையிட்டு பிளாஸ்டிக் பிளக் செருகி ஸ்க்ரூ போடுவதுதான் நிலைக்கும். ஒட்டும் கொக்கிகள் சுண்ணாம்பு, டிஸ்டெம்பர் அடித்த சுவரில் பெயிண்டோடு பெயர்ந்து வரும். செட்டிநாட்டு வீடுகளின் பளிங்கு போன்ற பழைய சுண்ணாம்புப் பூச்சில் தயவுசெய்து துளை போடாதீர்கள். மேலே ஏற்கனவே இருக்கும் கொக்கியிலிருந்து கம்பியில் தொங்கவிடலாம்.

குளியலறைக்குப் பின்சுவர் வேண்டாம், ஓதம் ஏறும். மேற்கு ஜன்னலுக்கு எதிர்ச்சுவரும் வேண்டாம், மாலை வெயில் சாயத்தை வெளுக்கும். சட்டத்தின் பின்னால் கீழ் மூலைகளில் சின்ன ரப்பர் குமிழ் ஒட்டினால் காற்று போகும், சட்டமும் நகராது. தாள் பளபளப்பில்லாத மேட் (matte) வகையாக இருக்கட்டும். பளபளப்பில் டியூப்லைட்தான் தெரியும்.

அத்தையின் சுவரில் வலது பக்கம் இரண்டு சட்டத்துக்கு இடம் விட்டிருக்கிறேன். பேத்தி கல்லூரி முடித்ததும் ஒன்று வரும் என்கிறார் அத்தை. இன்னொன்றை யாருக்கென்று சொல்ல மறுக்கிறார். ஸ்கேன் செய்த கோப்புகள் எல்லாவற்றையும், யார், எந்த ஊர், யார் எடுத்தது என்ற பெயர்ப்பட்டியலோடு, மகன் கணினியிலும் பேத்தியிடமும் என்னிடமும் ஒவ்வொரு பிரதியாக வைத்திருக்கிறோம்.

பொங்கலுக்கு வந்த சின்ன அத்தை சுவரை ஓரம் முதல் ஓரம் வரை பார்த்தார். களத்துமேட்டுப் படத்தில் தான் ஏன் இல்லை என்று கேட்டார். அப்போது பிறக்கவில்லை என்று சொன்னதும் சமாதானமாகவில்லை. தன் வீட்டுக்காரர் பக்கத்து ஆட்களோடு தனக்கும் ஒரு சுவர் வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் கொடுத்தனுப்பிய பெட்டி வந்துவிட்டது. மேலாக இருக்கும் ஆல்பம் ஒட்டும் அட்டை ஆல்பம்தான். நூல் வாங்கி வைத்திருக்கிறேன்.